மரத்தரைக்கு எந்த ஆணி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மரத்தரை பற்றிச் சென்ற இதழில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆணியைப் பற்றியவை. பலகைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் ஆணியை மட்டும் "கடையில் இருப்பது போதும்" என்று விட்டுவிடுகிறார்கள். டெல்டாவில் அது போதாது. கோடையில் காய்ந்து கார்த்திகையில் ஊறும் ஊர் இது. பலகை ஆண்டுக்கு ஒருமுறை விரிந்து ஒருமுறை சுருங்கும். அந்த அசைவைத் தாங்கிக்கொண்டே பலகையைப் பிடித்திருக்கும் ஆணிதான் நமக்கு வேண்டும். வந்த கேள்விகளைத் தொகுத்துப் பதில் தருகிறோம்.

தஞ்சாவூர் வாசகர்: மாடியில் 12-க்கு 10 அடி அறை, சிமெண்ட் தளம். 19 மி.மீ. கனம், 90 மி.மீ. அகலத்தில் நாக்கும் காடியும் எடுத்த தேக்குப் பலகை வாங்கிவிட்டேன். கீழே 18 மி.மீ. பிளைவுட். ஆசாரி 2 அங்குல ஆணி என்கிறார். சரிதானா? எத்தனை தேவைப்படும்?

2 அங்குலம் உங்கள் தரைக்கு நீளம் அதிகம். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு விளிம்பில் நீட்டிய நாக்கும் மறு விளிம்பில் அது நுழையும் காடியும் உள்ள இந்த மாதிரிப் பலகையில் ஆணியை மேலே இருந்து அடிப்பதில்லை. நாக்கு பலகையோடு சேரும் மூலையில், 45 பாகைச் சாய்வில் அடிக்கிறோம். அடுத்த பலகையின் காடி வந்து மூடிக்கொள்வதால் ஆணி கண்ணுக்குத் தெரியாது. சாய்வாக இறங்கும் 50 மி.மீ. ஆணி செங்குத்தாக 35 மி.மீ. ஆழம் போகும். நாக்கின் மேல் மூலையிலிருந்து பலகையின் அடிவரை சுமார் 11 மி.மீ. அதைக் கழித்தால் பிளைவுட்டுக்குள் இறங்க வேண்டியது 24 மி.மீ. உங்கள் பிளைவுட்டோ 18 மி.மீ. மீதி 6 மி.மீ. சிமெண்டில் முட்டும். முட்டிய ஆணி ஒன்று வளையும், இல்லையென்றால் தலை மேலே நின்றுவிடும். நின்ற தலை அடுத்த பலகையை நெருங்கவிடாது. ஆசாரி ஓங்கித் தட்டிப் பொருத்துவார். அந்த இடத்தில் நாக்கு பிளக்கும்.

38 மி.மீ. ஆணி, அதாவது ஒன்றரை அங்குலம், செங்குத்தாக 27 மி.மீ. இறங்கும். 11-ஐக் கழித்தால் 16. பிளைவுட்டுக்குள் முழுதாக நின்று, அடியில் 2 மி.மீ. மிச்சம் இருக்கும். உங்களுக்கு வேண்டிய நீளம் இதுதான். மரச்சட்டத்தின் மேல் பிளைவுட் போட்டு, அடியில் சிமெண்ட் இல்லாத தரையானால் 2 அங்குலம் சரி. ஆசாரி அந்த வழக்கத்தில் சொல்லியிருப்பார்.

ஆணியின் வகை: மரத்தரைக்கென்றே செய்யப்படும் கிளீட். தட்டையான உடல், இரு பக்கமும் முள்முள்ளான பற்கள், 'எல்' அல்லது 'டி' வடிவத் தலை. தேக்குக்கு 16 கேஜ் போதும் (கேஜ் என்பது ஆணியின் கனத்தைச் சொல்லும் எண்).

இடைவெளி: 75 மி.மீ.-க்கு மேல் அகலமான பலகைக்கு 150 முதல் 200 மி.மீ.-க்கு ஓர் ஆணி. அதைவிடக் குறுகிய பட்டைப் பலகைக்கு 200 முதல் 250 மி.மீ. பலகையின் இரு முனைகளிலிருந்தும் 25 முதல் 75 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று கட்டாயம். ஓரடித் துண்டாக இருந்தாலும் இரண்டு ஆணிக்குக் குறையக் கூடாது. ஒற்றை ஆணியில் பலகை சுழலும்.

எண்ணிக்கை: 120 சதுர அடியை 90 மி.மீ. அகலப் பலகையால் நிரப்ப ஏறக்குறைய 124 மீட்டர் ஓட்டம் வரும். 150 மி.மீ.-க்கு ஒன்று என்றால் 825 ஆணி. பலகை சராசரி 4 அடி நீளம் என்றால் நூறு பலகைக்குக் கொஞ்சம் மேல். முனை ஆணிகளுக்காக இன்னும் நூறு. வளைந்தது, வீணானது சேர்த்து 1000 உள்ள பெட்டி ஒன்று வாங்குங்கள்.

ஆணிக்கு முன்னால் பிளைவுட் அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஆடினால் மேலே எந்த ஆணி போட்டும் பயனில்லை. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் எடுங்கள். தாளுக்கும் தாளுக்கும் இடையில் 3 மி.மீ., சுவரோரம் 19 மி.மீ. விடுங்கள். 8-க்கு 4 தாள் ஒன்றுக்கு 32 ஸ்க்ரூவுக்குக் குறையாமல், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் போட வேண்டும். 10 நம்பர் 65 மி.மீ. ஸ்க்ரூவும் 8 மி.மீ. நைலான் பிளக்கும் பொருந்தும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பிளைவுட்டையும் தளத்தையும் சேர்த்து 8 மி.மீ. பிட்டால் ஒரே துளையாகப் போட்டுவிடுகிறார்கள். ஸ்க்ரூவின் தலை அகலம் ஏறக்குறைய 9 மி.மீ.தான். 8 மி.மீ. துளையில் அது விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். ஓராண்டில் பிளைவுட் தலையைத் தாண்டி மேலே வந்துவிடும். முதலில் 5 மி.மீ. பிட்டால் பிளைவுட்டைத் துளைத்துத் தளத்தில் குறி பதியுங்கள். தாளைத் தூக்கிவிட்டுத் தளத்தில் மட்டும் 8 மி.மீ. துளை போட்டுப் பிளக்கைச் செருகுங்கள். தாளைத் திரும்பப் போட்டு முடுக்குங்கள். அரை நாள் கூடுதல் வேலை, ஆனால் தப்பாது. துளைக்கும் முன் தளத்துக்குள் வயர் பைப் எங்கே போகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மன்னார்குடி வாசகர்: கிளீட் நல்லதா, ஸ்டேப்பிள் நல்லதா?

திடமான மரப்பலகைக்கு, நம் பக்கத்துக் காற்றுக்கு, கிளீட்தான் எங்கள் தேர்வு.

இரண்டு கால் உள்ள ஸ்டேப்பிள் போட்ட அன்று கிளீட்டைவிட இறுக்கமாகப் பிடிக்கும். அந்த இறுக்கம் பின்னால் தொல்லையாகிறது. மழைக்காலத்தில் பலகை விரியும்போது ஸ்டேப்பிளின் மெல்லிய கால்கள் வளைந்துகொடுக்கும். கோடையில் சுருங்கும்போது பழைய நிலைக்கு அவை முழுதாகத் திரும்புவதில்லை. சில பருவம் போனதும் மரத்துக்கும் காலுக்கும் நடுவே இடம் விழுந்து, காலை வைத்தால் கிறீச்சென்று ஒலிக்கும். கிளீட்டின் ஒற்றை உடல் அந்த அசைவோடு சேர்ந்து சற்று சாய்ந்து நிமிரும். பற்கள் பிடியை விடுவதில்லை.

ஸ்டேப்பிள் மலிவு என்பது உண்மை. மேலே மெல்லிய மரமும் அடியில் பிளைவுட் அடுக்கும் ஒட்டிய எஞ்சினியர்டு பலகை அசைவு குறைந்தது. அதற்கு ஸ்டேப்பிள் பொருந்தும். திடப்பலகைக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் பதினைந்தரை கேஜ், அரை அங்குலத் தலை உள்ளதாக இருக்க வேண்டும். சோபா தைக்கும் 80 நம்பர் பின்னைக் காட்டி "இதுவும் ஸ்டேப்பிள்தான்" என்றால் வாங்காதீர்கள். அது துணியைப் பிடிக்கும், பலகையைப் பிடிக்காது.

அதேபோல 'எஃப்' பின். பீடிங் அடிக்க எல்லாத் தச்சரிடமும் இருக்கும் துப்பாக்கியில் போடுவது. 18 கேஜ் என்று பெட்டியில் எழுதியிருப்பதால் 18 கேஜ் கிளீட்டும் அதுவும் ஒன்று என்று நினைக்கிறார்கள். கனம்தான் ஒன்று. எஃப் பின்னுக்குத் தலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, பற்களும் இல்லை. பலகை விரியும்போது அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கும்பகோணம் வாசகி: எங்கள் ஊரில் தரைக்கான நெய்லர் (ஆணியடிக்கும் கருவி) வாடகைக்குக் கிடைக்கவில்லை. ஆசாரி கையாலேயே அடிக்கிறேன் என்கிறார். நம்பலாமா?

நம்பலாம் அம்மா. நெய்லர் வேகத்துக்காகத்தான். கையால் நிதானமாகச் செய்த தரை எந்த விதத்திலும் குறைந்ததல்ல. நாளுக்கு நாற்பது ஐம்பது சதுர அடிக்கு மேல் அவசரப்படுத்தாதீர்கள்.

கையால் அடிக்கும்போது சாதாரணக் கம்பி ஆணி இரண்டாந்தரம்தான். அதன் உடல் வழவழப்பானது. ஈரத்தில் மரம் உப்பி ஆணியை நசுக்கும், வெயிலில் பின்வாங்கும். சில பருவத்தில் ஆணி தானாக மேலேறும். உடலில் வளையம் வளையமாக வரி உள்ள ஆணி கிடைத்தால் அதை வாங்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், தலை சிறிய 3.5 மி.மீ. கனம், 40 மி.மீ. நீள ஸ்க்ரூ. இது மெதுவான வேலை, ஆனால் பிடி உறுதி.

கடையில் கேஜ் கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: எண் கூடக் கூட ஆணி மெலிகிறது. 12 கேஜ் கம்பி ஆணி 2.6 மி.மீ., 14 கேஜ் 2 மி.மீ. உங்களுக்கு 14 கேஜ், ஒன்றரை அங்குலம். 12 கேஜை நாக்கில் அடித்தால் பிளக்காமல் போவது அபூர்வம்.

அடிக்கும் முறை இப்படி. பலகையை ரப்பர் சுத்தியலால் தட்டி முந்தைய பலகையோடு சேர்க்க வேண்டும். நாக்கின் மேல் நேராகத் தட்டக் கூடாது. காடி எடுத்த ஒரு துண்டுப் பலகையை நாக்கில் மாட்டி, அந்தத் துண்டின் மேல் தட்ட வேண்டும். நாக்கின் மேல் மூலையில் 45 பாகையில் 1.5 மி.மீ. பிட்டால் துளை. ஸ்க்ரூ என்றால் 2.5 மி.மீ. துளை. துளை பலகையை மட்டும் கடந்தால் போதும், பிளைவுட்டுக்குள் போக வேண்டாம். ஆணியை அடித்துக்கொண்டு வந்து, தலை மரத்தைத் தொட 5 மி.மீ. இருக்கும்போது சுத்தியலை நிறுத்திவிடுங்கள். மீதியைப் பஞ்ச் என்ற சிறு இரும்புக் கோலை வைத்து இறக்க வேண்டும். பலகையின் மேல் விளிம்பில் பிறைபோலப் பதிந்த தழும்புகளைப் பார்த்திருப்பீர்கள். கடைசி அடியைச் சுத்தியலாலேயே அடித்ததன் அடையாளம் அது. எத்தனை இழைத்தாலும் ஓரத்துப் பள்ளம் போகாது.

தலை மூலைக்குள் புதைந்ததா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் இன்னும் ஒரு தட்டு.

ஸ்க்ரூ எளிதில் இறங்கச் சோப்பு தடவுவது நம் ஊர் வழக்கம். சோப்பு ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். மெழுகுவத்தியில் ஒரு தேய்ப்பு தேய்த்துக்கொள்ளுங்கள்.

திருவையாறு வாசகர்: நெய்லரால்தான் அடிக்கிறோம். ஆனாலும் பல இடத்தில் நாக்கு பிளக்கிறது. வெளிச்சம் சாய்வாக விழும்போது சில பலகைகளின் ஓரம் புடைத்துத் தெரிகிறது.

இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். ஆணி அளவுக்கு மீறி இறங்குகிறது.

கம்ப்ரசரின் அழுத்தத்தை 70 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். வீண் துண்டில் நாலு ஆணி அடித்துப் பாருங்கள். தலை நாக்கின் மூலைக்குச் சமமாக அமர வேண்டும். மேலே நின்றால் ஐந்தைந்தாக ஏற்றுங்கள். 100-ஐத் தாண்டத் தேவைப்படாது. காலையில் சரிசெய்தது மாலையிலும் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். கரண்ட் ஏறி இறங்கும் ஊரில் கம்ப்ரசர் ஒரே சீராக ஓடாது. பத்து வரிசைக்கு ஒருமுறை மீட்டரைப் பாருங்கள்.

அழுத்தம் சரியாக இருந்தும் பிளந்தால் மரத்தைப் பாருங்கள். வேங்கை போன்ற கெட்டி மரமோ, வெளிநாட்டிலிருந்து வரும் ஜட்டோபா, இப்பே போன்றவையோ 16 கேஜை ஏற்காது. 18 கேஜ் கிளீட்டுக்கு மாறுங்கள். அதன் கனம் 1.2 மி.மீ.தான், ஆகவே இடைவெளியை 150 மி.மீ.-க்குள் வையுங்கள். அதிலும் பிளந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்த மரமாக இருக்கலாம்.

மூன்றாவது சந்தேகம், நெய்லரின் அடித்தட்டு. அது பலகையின் கனத்துக்கு ஏற்ப மாற்றக்கூடியது. கனத்துக்குப் பொருந்தாத தட்டு மாட்டியிருந்தால் ஆணி மூலையில் விழாமல் நாக்கின் நடுவிலோ, உயரமாகவோ விழும். நடுவில் விழுந்த ஆணி பிளக்காமல் வேறென்ன செய்யும். உயரமாக விழுந்தால் பலகையின் ஓரத்தை உள்ளிருந்து தள்ளும். நீங்கள் பார்த்த புடைப்பு அதுதான்.

பிளந்த நாக்கை அப்படியே மூடிவிட்டுப் போகாதீர்கள். பிளவுக்கு 50 மி.மீ. தள்ளி இன்னோர் ஆணி அடியுங்கள். ஒரே பலகையில் மூன்று இடம் பிளந்திருந்தால் அந்தப் பலகையைக் கழற்றிச் சுவரோரத் துண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: கடலுக்கு ஒரு கிலோமீட்டரில் வீடு. மூன்று வருடம் முன்பு போட்ட மரத்தரையில் இணைப்புகளின் ஓரமாகக் கறுப்புக் கறை வருகிறது. மரம் அழுகுகிறதா?

பெரும்பாலும் அழுகல் இல்லை. இரும்பும் மரச்சாறும் சேர்ந்த கறை. உறுதிசெய்ய, கறையில் கூர்மையான ஊசியால் குத்துங்கள். மரம் கெட்டியாக இருந்தால் கறை மட்டும்தான். ஊசி பொதபொதவென்று இறங்கினால் அழுகல்.

கும்பகோணத்துக்கு அக்கம்பக்கத்தில், கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை கலம்காரித் துணியில் கறுப்பு எப்படி வருகிறதோ அதே வேதியியல்தான் உங்கள் தரையிலும் நடக்கிறது. கடுக்காயில் ஊறிய துணியில், இரும்பும் வெல்லமும் புளித்த நீர் பட்டதும் கறுக்கிறது. கடுக்காயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் பல மரங்களிலும் உண்டு. ஓக்கில் மிக அதிகம், கருவேலத்திலும் அதிகம். ஈரத்தில் ஆணியின் இரும்பு கரைந்து டானினோடு சேர்ந்தால் கருநீலம். கடற்காற்றின் உப்பு இதை விரைவுபடுத்துகிறது.

புதிதாகப் போடுவோருக்கு: கடலோரத்தில் மெருகு போட்ட சாதாரண இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம். மூடிய அறைக்குள் 304 ரக ஸ்டெயின்லெஸ் போதும். உப்புக் காற்று நேராக அடிக்கும் திறந்த தாழ்வாரத்துக்கு 316. அதில் 2 முதல் 3 சதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பு எளிதில் துளைபோட முடிவதில்லை. ஆனால் திறந்த தாழ்வாரத்தில் நாக்கு-காடிப் பலகையே போடக் கூடாது. மழைநீர் காடியில் தேங்கும். அங்கே பலகைக்கிடையே 5 மி.மீ. இடம் விட்டு மேலிருந்து ஸ்க்ரூ போடுவதுதான் முறை.

காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டுகிறது, இது ஸ்டெயின்லெஸ் இல்லை" என்று கடைக்காரரோடு சண்டை வேண்டாம். குளிர்நிலையில் இழுத்து, நசுக்கிச் செய்த 304 ஸ்க்ரூவும் ஆணியும் இலேசாக ஒட்டும். ஓங்கி ஒட்டினால் சந்தேகப்படுங்கள். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் நாலு நாள் சுற்றி வைத்துப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை.

உங்கள் பழைய கறைக்கு: ஆக்சாலிக் ஆசிட் கரைசல் எடுக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அருகே விடாதீர்கள், பிறகு நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்காவிட்டால் கறை திரும்பும்.

மயிலாடுதுறை வாசகர்: தாத்தா காலத்து வீடு. மச்சுப் பலகை நடந்தால் கத்துகிறது. பழைய ஆணிகளைத் திரும்ப அடித்துவிடலாமா?

அடிக்காதீர்கள். ஆணி உட்கார்ந்திருந்த துளை அகன்றுவிட்டது. அடித்தால் ஒரு மாதம் அமைதியாக இருக்கும், பிறகு திரும்பவும் கத்தும்.

ஒருவர் மேலே நடக்க, ஒருவர் கீழே நின்று பலகை அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஒலி வரும் இடத்தில் பலகை மேலும் கீழும் அசைவது கையில் தெரியும். சுண்ணக்கட்டியால் குறியுங்கள். பிறகு அந்த இடத்துச் சட்டத்தை உளியின் முனையால் குத்திப் பாருங்கள். கறையான் தின்ற சட்டத்தில் எந்த ஸ்க்ரூவும் நிற்காது. முதலில் சட்டத்தைப் பாருங்கள்.

சட்டம் நன்றாக இருந்தால் ஸ்க்ரூதான் மருந்து. 25 மி.மீ. பலகைக்கு 8 நம்பர் 65 மி.மீ. மேலே 10 மி.மீ. அகலத்தில் 8 மி.மீ. ஆழத்துக்குக் குழி. குழியின் நடுவில் பலகை முழுக்க 4.5 மி.மீ. துளை. சட்டத்தில் 3 மி.மீ. துளை. பலகையில் ஸ்க்ரூவின் புரி பிடிக்கவே கூடாது. பிடித்தால் பலகை சட்டத்தை விட்டுச் சற்று தூக்கியபடியே நின்று, முடுக்க முடுக்க இறங்காது. இதுதான் பலர் "ஸ்க்ரூ போட்டும் கத்துகிறது" என்று சொல்வதற்குக் காரணம்.

பழைய பலகைகள் ஓரடி அகலம்கூட இருக்கும். அவற்றுக்கு இரு ஓரத்திலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் பங்குனி, சித்திரையில் பலகை சுருங்க இடமில்லாமல் நடுவில் வெடிக்கும். ஓரத்திலிருந்து அகலத்தில் மூன்றிலொரு பங்கு உள்ளே தள்ளிப் போடுங்கள். இன்னும் அகலம் என்றால் ஒரு பக்கத் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீள்வட்டமாக்குங்கள். அந்தப் பக்கம் சறுக்கிக்கொள்ளும்.

குழியை அதே மரத்தில் வெட்டிய தக்கையால் மூடுங்கள். தக்கையின் ரேகை பலகையின் ரேகையோடு ஓட வேண்டும். ஒட்டிக் காய்ந்ததும் மெல்லிய உளியால் சீவி, பிறகு உப்புத்தாள்.

பித்தளை ஸ்க்ரூதான் வேண்டும் என்றால், அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் முடுக்கி எடுத்து, புரி விழுந்த துளையில் பித்தளையை ஏற்றுங்கள். நேரடியாக முடுக்கினால் பித்தளையின் கழுத்து முறியும்.

வலங்கைமான் வாசகர்: கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ மலிவாகக் கிடைக்கிறதே?

அட்டைச்சுவருக்குப் பதமாக்கிய ஸ்க்ரூ அது. கெட்டியாக இருக்கும், வளையாது. பலகை அசையும்போது வளைவதற்குப் பதில் முறியும். முறிந்த தலை உள்ளே இருப்பது வெளியே தெரியாது. தரைக்கு வேண்டாம், அடியில் போடும் பிளைவுட்டுக்கும் வேண்டாம்.

பட்டுக்கோட்டை வாசகர்: ஐப்பசியில் கிரகப்பிரவேசம். அதற்குள் தரை போட்டுவிட முடியுமா?

போட முடியும், கோடையில் இடுக்குகளைப் பார்த்து வருந்தாமல் இருக்க முடியாது.

காற்றின் ஈரப்பதம் 50 சதம் என்றால் மரத்தின் ஈரம் 9 சதத்தில் நிற்கும். 80 சதம் என்றால் 15, 16 வரை ஏறும். தேக்கை எடுத்துக்கொள்வோம். மரத்தின் வளையங்களை ஒட்டித் தட்டையாக அறுத்த பலகை, மரத்தின் ஈரம் ஒரு சதம் மாறினால் 90 மி.மீ. அகலத்தில் 0.17 மி.மீ. அசையும். நாலு சதம் மாறினால் 0.67 மி.மீ. ஒரு பலகைக்கு அது ஒன்றுமில்லை. 10 அடி அகல அறையில் எல்லாம் கூடி 22 மி.மீ. வரும். ஆரவாக்கில், அதாவது நடுவிலிருந்து வெளிநோக்கி அறுத்த பலகைக்கு 12 மி.மீ. எந்த ஆணியாலும் அதைத் தடுக்க முடியாது. ஆணி ஒவ்வொரு பலகையையும் அதன் இடத்தில் வைத்து, அசைவை அறை முழுக்கப் பங்கிட்டுக்கொடுக்கும், அவ்வளவுதான். சுவரோரம் 19 மி.மீ. இடம் விடச் சொல்வது இதனால்தான்.

மழையில் போட்டால் கோடையில் இடுக்கு. சித்திரை வெயிலில் நெருக்கிப் போட்டால் கார்த்திகையில் பலகைகள் ஒன்றையொன்று தள்ளி, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு நடுவில் எழும்பும். இரண்டில் இரண்டாவது மோசம். மரத்தின் ஈரம் நடுத்தரமாக இருக்கும் தை, மாசியைத்தான் நாங்கள் சொல்வோம். கோடையில்தான் முடியும் என்றால் பத்து வரிசைக்கு ஒரு இடத்தில் வாஷர் கனத்துக்கு இடைவெளி விட்டு ஆணியடித்து, பிறகு வாஷரை எடுத்துவிடுங்கள்.

எந்த மாதமானாலும் பலகையை அதே அறையில், ரீப்பர் துண்டுகளை இடையில் வைத்து அடுக்கி இரண்டு வாரமாவது போட்டு வையுங்கள். நாள் கணக்கைவிட ஈரம் அளக்கும் மீட்டரின் கணக்குதான் முக்கியம். 75 மி.மீ. அல்லது அதைவிட அகலமான பலகைக்கும் பிளைவுட்டுக்கும் ஈர வித்தியாசம் 2 சதத்துக்குள், குறுகிய பலகைக்கு 4 சதத்துக்குள் வந்த பிறகே முதல் ஆணி. ஏசி போடும் அறை என்றால் ஏசியை ஓடவிட்டு அளந்துபாருங்கள்.

திருவாரூர் வாசகர்: கீழ்த்தளம், சிவப்பு ஆக்சைடு தரை. அதன்மேல் மரம் போடலாமா?

முதலில் இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்தாலோ, தரை கறுத்துத் தெரிந்தாலோ மரம் வேண்டாம்.

இந்தச் சோதனையைச் சித்திரையில் செய்துவிட்டு "காய்ந்திருக்கிறது" என்று வேலையைத் தொடங்குகிறார்கள். அப்போது வாய்க்காலில் தண்ணீரே இருக்காது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும்; தண்ணீர் கடைமடை வந்து, வயல் நிறைந்து, நிலத்தடி ஈரம் ஏறிய பிறகுதான் உங்கள் தரையின் உண்மையான நிலை தெரியும். புரட்டாசியிலோ கார்த்திகையிலோ சோதியுங்கள்.

தேறினால், தரையைத் துளைக்காதீர்கள். ஒவ்வொரு துளையும் ஈரம் மேலே வர ஒரு வழி. 200 மைக்ரான் பாலித்தீனை 150 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி விரியுங்கள். அதன்மேல் 12 மி.மீ. மரைன் பிளைவுட், அதற்குக் குறுக்காக இன்னொரு 12 மி.மீ. அடுக்கு. இரண்டுக்கும் இடையே பசை தடவி 19 மி.மீ. ஸ்க்ரூவை 200 மி.மீ.-க்கு ஒன்றாகப் போடுங்கள். 25 மி.மீ. ஸ்க்ரூ 24 மி.மீ. பிளைவுட்டைத் தாண்டிப் பாலித்தீனைக் கிழித்துவிடும். இதன்மேல் 45 மி.மீ. கிளீட், பிளைவுட்டுக்குள் 21 மி.மீ. இறங்கி நிற்கும். தரை 43 மி.மீ. உயரும், கதவின் அடியைச் சீவ வேண்டிவரும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறோம்.

பேராவூரணி வாசகர்: ஆணியே இல்லாமல் பசை மட்டும் போதாதா?

மரவேலைக்கான வெள்ளைப் பசை காய்ந்தால் கல்லாகிவிடும். பலகை அசையும்போது உடையும். 125 மி.மீ.-க்கு மேல் அகலமான பலகைக்கு, காய்ந்த பிறகும் ரப்பர் போல இழுபடும் பாலியூரிதேன் பசையை ஆணியோடு கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆணிக்கு அது துணை.

நீடாமங்கலம் வாசகர்: முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நெய்லர் நுழையவில்லை.

நுழையாது. முதல் வரிசையைச் சுவரோரம், சுவர்ப்பக்க விளிம்பிலிருந்து 12 முதல் 20 மி.மீ. உள்ளே, முன்துளை போட்டு மேலிருந்து அடியுங்கள். 16 கேஜ் 'டி' பின் பொருந்தும். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மூடிவிடும். அதே வரிசையின் நாக்கில் கையால் சாய்வாணியும் உண்டு. இந்த வரிசை நூல் பிடித்தாற்போல் நேராக இருக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லா வரிசையும் இதன்மேல்தான் சாய்கிறது. சுவரை நம்பாமல் நூல் கட்டுங்கள். பழைய வீட்டுச் சுவர் எதுவும் நேரில்லை. கடைசி இரண்டு மூன்று வரிசையும் இப்படியே கையால்.

முடித்ததும் ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் அடியுங்கள், தரைப் பலகையில் அல்ல. பலகையில் அடித்துவிட்டால் நீங்கள் விட்ட 19 மி.மீ. இடம் பூட்டு போட்டாற்போல் ஆகிவிடும்.